வைஃபை அடிக்கடி அறுந்து போவது ஏன்?

இன்று நம் இல்லங்களில் குடிநீர்க் குழாய்க்கும் மின்விளக்குக்கும் அடுத்தபடியாக இடம் பிடித்துவிட்டது இணைய இணைப்பு. குழாயில் தண்ணீர் நின்றால் தெருவில் உள்ளோர் அனைவரும் சேர்ந்து காரணம் தேடுகிறோம். மின்சாரம் நின்றால் முதலில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். ஆனால், மடிக்கணினியில் வைஃபை விட்டு விட்டு வந்தால் மட்டும் நாம் காரணம் தேடுவதில்லை. யார் மேலாவது பழியைப் போட்டுவிடுகிறோம்! எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

என் அக்கா செவிலியர் பட்டப்படிப்பை முடித்தவள். ஒரு மருத்துவமனையில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வை மடிக்கணினி வழியாகவே இரண்டு கட்டமாக நடத்துவதாகக் கூறியிருந்தார்கள். முதல் கட்டத்தன்று மூன்று தடவை படம் உறைந்து நின்றுவிட்டது. கேள்விகள் பாதிதான் காதில் விழுந்தன. “மன்னிக்கவும், இன்னொரு தடவை கேட்க முடியுமா?” என்று திரும்பத் திரும்பச் சொல்லி, இறுதியில் அக்கா அழுதேவிட்டாள். இரண்டாம் கட்டத்துக்குப் பத்து நாள்களே இருந்தன.

“தம்பி எந்நேரமும் கைபேசியில் வீடியோ பார்க்கிறான், அவனால்தான்” என்றார்கள் அம்மா. “இணைப்புக் கொடுத்தவர்கள் சரியில்லை” என்றார்கள் அப்பா. “ஆறு வருடக் கணினி, இதன் ஆயுள் முடிந்தது, புதிதாக வாங்குங்கள்” என்றார் பழுதுபார்க்கும் கடைக்காரர். தம்பிக்கு அடி விழுந்தது. அப்பாவோ, எங்கள் இருவரின் அடுத்த ஆண்டுப் பள்ளிச் செலவுக்காகக் கட்டிவந்த ஏலச்சீட்டை, கழிவு போனாலும் போகட்டும் என்று முன்னதாகவே எடுத்துப் புதுக் கணினி வாங்கத் துணிந்தார்கள்.

அப்போதுதான் எங்கள் இயற்பியல் ஆசிரியை ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி கூறும் அறிவுரை எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்; மாற்றியதையும் கண்டதையும் உடனே எழுதி வைக்க வேண்டும். “மூன்று நாள் பொறுங்கள் அப்பா” என்று கேட்டுக்கொண்டு, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்துடன் வேலையைத் தொடங்கினேன். அந்த மூன்று நாளில் கற்றவற்றை என் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சங்கிலியின் நான்கு கண்ணிகள்

நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, செய்தி நான்கு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியின் வழியே வருகிறது. முதலாவது, வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி அல்லது கண்ணாடி இழை. இரண்டாவது, அதை வாங்கி அலையாக மாற்றும் ரவுட்டர். மூன்றாவது, அந்த அலை பயணம் செய்யும் காற்றும் சுவரும். நான்காவது, அலையை வாங்கும் மடிக்கணினி. எந்தக் கண்ணி அறுந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்! காய்ச்சல் என்றவுடனே மருந்து கொடுக்காமல், மருத்துவர் எப்படி நாவையும் நாடியையும் பார்க்கிறாரோ, அதுபோல நாமும் பழுது எந்தக் கண்ணியில் இருக்கிறது என்று முதலில் அறிய வேண்டும்.

காற்றில் வரும் அலை

இதற்கு அந்த அலையின் குணத்தைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. வைஃபை அலையும் ஒளியைப் போல மின்காந்த அலையே. கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வேறுபாடு. நம் நாட்டு அறிவியலறிஞர் ஜகதீஷ் சந்திர போஸ் 1895ஆம் ஆண்டில் கொல்கத்தா நகர மண்டபத்தில் இத்தகைய அலைகளைச் சுவரைக் கடந்து செலுத்தி, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அவருக்குத் தூய சவேரியார் கல்லூரியில் இயற்பியலில் ஆர்வம் ஊட்டியவர் பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த இயேசு சபைக் குருவாகிய யூஜீன் லஃபோன் அடிகளார் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ!

ஆகவே, அலை சுவரைக் கடக்கும். ஆனால், ஒவ்வொரு சுவரிலும் அது தன் வலிமையில் ஒரு பகுதியை இழக்கிறது. செங்கல் சுவரைவிட இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் அதிகமாகத் தடுக்கும். தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். இரும்போ அதைத் திருப்பியே அனுப்பிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறம் மெல்லிய உலோகப் பூச்சு இருப்பதால் பெரிய நிலைக்கண்ணாடியும் அலைக்குத் தடையே.

வைஃபையில் பொதுவாக இரண்டு வகை அலைகள் பயன்படுகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ்; அதாவது நொடிக்கு 240 கோடி அதிர்வுகள். மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். நொடிக்கு 500 கோடி அதிர்வுகள். அலை நொடிக்கு 30 கோடி மீட்டர் செல்கிறது. நம் பாடநூலில் உள்ளபடி வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால், முதல் வகையின் அலைநீளம் 12.5 செ.மீ., இரண்டாம் வகையினது 6 செ.மீ. என்று வருகிறது. முதல் வகை சுவர்களைத் தாண்டித் தொலைவு செல்லும். ஆனால், அதில் நெரிசல் அதிகம். இரண்டாம் வகை வேகமானது. ஆனால், இரண்டு சுவர்களுக்கு அப்பால் களைத்துப்போகும். ரவுட்டர் உள்ள அறையில் இருந்தால் 5ஐயும், தள்ளியிருந்தால் 2.4ஐயும் தேர்ந்துகொள்வது நலம்.

பழுது எந்தக் கண்ணியில்?

பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதைப் போன்ற எளிய சோதனைகளே இதற்குப் போதும்.

முதல் சோதனை: மடிக்கணினி தடுமாறும்போது, அதே மேசையில் ஒரு கைபேசியை வைத்து, அதன் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபை மூலம் மட்டும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். கைபேசியும் தடுமாறினால் குற்றம் மடிக்கணினியினுடையது மட்டுமன்று. கைபேசி நன்றாக இருந்து கணினி மட்டும் தடுமாறினால் நான்காம் கண்ணியைச் சந்தேகிக்கலாம்.

இரண்டாம் சோதனை: மடிக்கணினியை ரவுட்டருக்கு அருகில், ஒரு மீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சீராக இருந்தால், வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறையில்லை. இடையிலுள்ள தூரமும் தடையுமே காரணம்.

மூன்றாம் சோதனை: ரவுட்டரின் பின்னால் உள்ள துளையிலிருந்து கணினிக்கு நேராக ஒரு லேன் கம்பியைச் செருகிப் பார்க்க வேண்டும். கம்பியிலும் அறுந்து போனால் ரவுட்டரிலோ வெளி இணைப்பிலோ பழுது. அப்போது வீட்டுக்குள் எதை மாற்றியும் பயனில்லை. இணைப்புக் கொடுத்தவர்களைத்தான் அழைக்க வேண்டும். கண்ணாடி இழை இணைப்பாயின், பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துச் சொன்னால் அவர்களுக்கு உதவியாக இருக்கும்.

நான்காம் சோதனை: பிங். இது 1983ஆம் ஆண்டில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறு நிரல். நீர்மூழ்கிகளைக் கண்டறிய ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பார்கள் அல்லவா? அந்த ஒலியின் பெயரையே இதற்கு வைத்தார். விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று எழுதி, ஓர் இடம் விட்டு ரவுட்டரின் எண்ணை எழுத வேண்டும். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். மேலும் ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் ‘டி’ என்ற சிறிய எழுத்தும் சேர்த்தால், நாம் நிறுத்தும் வரை கணினி நொடிக்கு ஒரு தடவை “இருக்கிறாயா?” என்று ரவுட்டரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கன்ட்ரோல் விசையுடன் ‘சி’ விசையை அழுத்தினால் நின்று, எத்தனை கேள்விகளுக்கு விடை வந்தது, எத்தனை தொலைந்தது என்று கணக்குக் காட்டும். இதே சோதனையை 8.8.8.8 என்னும் எண்ணுக்கும் செய்ய வேண்டும். அது வீட்டுக்கு வெளியே, கூகுள் நிறுவனம் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் எண். ரவுட்டரிடமிருந்து ஒழுங்காக விடை வந்து, வெளி எண்ணிலிருந்து வராவிட்டால் பழுது வெளியில். ரவுட்டரிடமிருந்தே விடை வராவிட்டால் பழுது வீட்டுக்குள்.

பீரோவின் பின்னால்

எங்கள் வீட்டில் முதல் நாள் சோதனையிலேயே பாதி மர்மம் விளங்கிவிட்டது. அக்காவின் மேசையில் 100 கேள்விகள் அனுப்பினால் 30க்கு மேல் தொலைந்தன. அங்கே அம்மாவின் கைபேசியும் தடுமாறியது. தம்பியை வீடியோ பார்க்க விடாமல் உட்கார வைத்தபோதும் கணக்கு மாறவில்லை! ஆனால், கணினியைக் கூடத்துக்குக் கொண்டுசென்று ரவுட்டர் அருகே வைத்தபோது 100க்கு 100 விடைகளும் வந்தன. ஆக, வெளி இணைப்பும் சரி, தம்பியும் சரி!

பிறகு ரவுட்டர் இருந்த இடத்தைப் பார்த்தேன். சென்ற கோடையில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பாட்டியின் பெரிய இரும்புப் பீரோவை இடம் மாற்றியிருந்தோம். அது ரவுட்டருக்கும் அக்காவின் அறைக்கும் நடுவே மதில் போல் நின்றது. ரவுட்டரோ தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், தூசி படிந்து, தொட்டால் சுடும் நிலையில் இருந்தது. அப்பாவின் உதவியோடு, அதை வீட்டின் நடுவில், ஆறடி உயரத்தில், காற்றோட்டமான மரத்தட்டுக்கு மாற்றினோம். வேறு எதையும் தொடவில்லை. அன்று மாலை அக்காவின் மேசையில் 100 கேள்விகளில் ஒன்றே ஒன்றுதான் தொலைந்தது. ஒரு ரூபாய்கூடச் செலவில்லை!

அண்டை வீட்டு அலைகள்

அடுக்குமாடியில் வாழும் தோழியருக்கு வேறொரு தொல்லை உண்டு. 2.4 வகை அலையில் நம் நாட்டில் 13 வழித்தடங்கள் இருந்தாலும், அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றோடொன்று மோதாதபடி ஒரே நேரத்தில் இயங்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே. ஒரே வகுப்பறையில் நான்கு ஆசிரியைகள் பாடம் நடத்தினால் என்ன ஆகும்? வைஃபை கருவிகள் நாகரிகமானவை. பிறர் பேசும்போது காத்திருந்து, ஓய்ந்த பிறகே பேசும். ஆகையால்தான் எல்லோரும் வீடு திரும்பும் மாலை வேளையில் வேகம் குறைகிறது. எந்த வழித்தடத்தில் கூட்டம் குறைவு என்று காட்டும் இலவசச் செயலிகள் கைபேசியில் கிடைக்கின்றன. பெற்றோரின் அனுமதியோடு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வழித்தடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் சில நிமிடங்கள் மட்டும் இணைப்புத் தடுமாறினால் வியப்படைய வேண்டாம். அந்த அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில், அதாவது வைஃபையின் பக்கத்திலேயே இயங்குகிறது. அதுபோலவே, யூ.எஸ்.பி. 3 வகைத் தட்டும் அதன் கம்பியும் 2.4 வகை அலையைக் கெடுக்கக்கூடும் என்று 2012ஆம் ஆண்டிலேயே இன்டெல் நிறுவனம் விளக்கியுள்ளது. வெளித்தட்டு செருகும்போது மட்டும் வைஃபை குன்றினால், தட்டைக் கணினியிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்கலாம்.

மடிக்கணினியின் உறக்கம்

இத்துடன் எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால், இரண்டாம் நாள் கணினி மறுபடியும் ஒரு தடவை துண்டித்துக்கொண்டது. இம்முறை அருகிலிருந்த கைபேசியோ நன்றாகவே இயங்கியது! நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோது ஓர் உண்மை தென்பட்டது. சார்ஜர் செருகியிருந்தபோது ஒரு தடவையும் துண்டிக்கவில்லை. பேட்டரியில் ஓடியபோதுதான் துண்டித்தது. எழுதி வைக்காமல் இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக மடிக்கணினி தன் வைஃபை உறுப்பை அவ்வப்போது உறங்க வைக்கிறது. சில கணினிகளில் அது சரியாக விழிப்பதில்லை. விண்டோஸில் சாதன மேலாளரைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் வைஃபை உறுப்பின் பண்புகளுக்குச் சென்றால், மின் மேலாண்மை என்ற தாள் இருக்கும். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இவ்வுறுப்பை அணைக்கக் கணினியை அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும். சில கணினிகளில் இத்தாள் இராது. அப்போது மின் திட்ட அமைப்புகளில் வைஃபைக்கு முழுத் திறனைத் தேர்ந்தெடுக்கலாம். அக்காவின் கணினியில் அந்தக் குறியை எடுத்தேன். அதன்பின் அது பேட்டரியிலும் தூங்கவில்லை.

மடிக்கணினியில் வரக்கூடிய வேறு குறைகளும் உண்டு. வைஃபை உறுப்பை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் பழையதாக இருக்கலாம். கணினியைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதியதைப் பெற வேண்டும். புதுப்பித்த மறுநாளே தொல்லை தொடங்கியிருந்தால், முந்திய டிரைவருக்குத் திரும்பும் வசதியும் உண்டு. சேமித்த இணைப்பை மறக்கச் செய்து, கடவுச்சொல்லை மீண்டும் கொடுத்து இணைவதும் பல வேளைகளில் பலன் தரும். மூடியைத் திறந்து மூடும்போது மட்டும் இணைப்பு அறுந்தால், கீலின் வழியாகத் திரைக்குச் செல்லும் ஆன்டெனாக் கம்பி நைந்திருக்கலாம். அதைத் தேர்ந்தவரிடம் காட்டுவதே முறை.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. ரவுட்டரையும் கணினியையும் ஒரு முறை அணைத்து, அரை நிமிடம் கழித்து இயக்குங்கள். ரவுட்டரின் மின்கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.
2. அதே இடத்தில் கைபேசியை வைத்து ஒப்பிடுங்கள்.
3. ரவுட்டர் அருகிலும், முடிந்தால் கம்பி வழியாகவும் சோதியுங்கள்.
4. ரவுட்டருக்கும் வெளி எண்ணுக்கும் பிங் அனுப்பிக் கணக்கெடுங்கள்.
5. ரவுட்டரை உயரமான, நடுவான, இரும்பும் தண்ணீரும் மறைக்காத இடத்தில் வையுங்கள்.
6. வழித்தடத்தையோ அலை வகையையோ மாற்றிப் பாருங்கள்.
7. கணினியின் மின்சேமிப்பு அமைப்பையும், பிறகு டிரைவரையும் கவனியுங்கள்.
8. இவை யாவும் பலிக்காதபோது மட்டும் நெட்வொர்க் அமைப்புகளை முதல் நிலைக்குத் திருப்புங்கள். அதில் சேமித்த கடவுச்சொற்கள் அழிந்துவிடும். முன்னரே குறித்து வையுங்கள்.

ஒவ்வொரு படிக்குப் பின்னும் ஒரு மாலை பொறுத்து, நேரத்தையும் விளைவையும் எழுதுங்கள். ஐந்தை ஒரே நாளில் மாற்றினால், எது குணமாக்கியது என்று ஒருபோதும் தெரியாது. ரவுட்டரின் மின்பெட்டியை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம். அது உயிருக்கு ஆபத்து. வைஃபைக்குக் கடவுச்சொல் வைக்க மறக்கவும் வேண்டாம்.

நிறைவாக

அக்காவின் இரண்டாம் கட்ட நேர்முகத் தேர்வு நாற்பது நிமிடம் நடந்தது. ஒரு நொடிகூடப் படம் நிற்கவில்லை. அதன் முடிவு இன்னும் வரவில்லை. ஆனால், அவர்கள் கேட்டதெல்லாம் அவள் காதில் விழுந்தது. அவள் சொன்னதெல்லாம் அவர்கள் காதிலும் விழுந்தது. அதற்குமேல் நடப்பது இறைவனின் சித்தம். ஏலச்சீட்டு எடுக்கப்படாமல் இருக்கிறது. ஆறு வருடக் கணினியும் மேசைமேல் இருக்கிறது.

எல்லாவற்றிலும் என் மனத்தில் தங்கியது வேறொன்று. மூன்றாம் நாள் இரவு அம்மா தம்பியை அருகில் அழைத்து, “உன்மேல் தப்பே இல்லையடா, விசாரிக்காமல் அடித்துவிட்டேன்” என்று சொல்லித் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். அவன் ஒன்றும் பேசாமல் என் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ‘தம்பி வீடியோ பார்க்கவில்லை, ஆனாலும் அறுந்தது’ என்று நான் எழுதியிருந்த வரியை இரண்டு தடவை படித்தான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியோர் சும்மாவா சொன்னார்கள்?

ஆகவே தோழியரே, அடுத்த முறை உங்கள் வீட்டில் அந்த வட்டம் சுற்றத் தொடங்கும்போது, யாரையும் கடிந்துகொள்ளுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுங்கள்!

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு